முதலில் கீலைப் பாருங்கள்

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது கூர்மையைப் பற்றித்தான். விற்பவரிடமும் பதில் தயாராக இருக்கும்: “அண்ணே, இது அறுபது கடினம் ஏத்துனது. ஆறு மாசத்துக்குத் தீட்டவே வேணாம்.” அறுபது என்றால் என்ன, அது நல்லதா கெட்டதா என்று இருவருமே பேசுவதில்லை. தினம் பாடுபட்டுக் கெட்டுப்போன மடக்குக் கத்திகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். கூர் போனதால் ஒதுக்கப்பட்டவை அதில் சொற்பம். கீல் ஆடிப்போனது, பூட்டு நழுவுவது, முனை ஒடிந்தது, துருவேறித் திறக்க வராதது என்று மற்றக் கோளாறுகள்தான் அதிகம். கூர் போனால் ஒரு கல்லை வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். கீல் போனால் கத்தியே போயிற்று.

மலாக்காவின் ஆயர் குரோவில் ஒருவருடைய கால்சட்டைப் பையில் இருக்கும் கத்தி ஒரு நாளில் எத்தனை வேலைக்குப் போகிறது! தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டியைக் கிழிக்கிறது, பிளாஸ்டிக் பட்டியை அறுக்கிறது, வயரின் தோலை உரிக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தார் வெட்டுகிறது, ரப்பர் குழாயைத் துண்டு போடுகிறது, உரமூட்டையின் வாயைப் பிரிக்கிறது. கடைசியாக, சாய டின்னின் மூடியை நெம்புகிறது. பிரச்சினை இந்தக் கடைசி வேலையில்தான்.

மடக்குக் கத்தி என்பது இரண்டு துண்டு. அலகு ஒன்று, பிடி ஒன்று. இரண்டையும் சேர்ப்பது பென்சிலைவிட மெல்லிய ஓர் ஆணி. நிலைக்கத்தியில் அலகின் இரும்பே பிடிக்குள் ஓடும். மடக்குக் கத்தியில் எல்லாப் பளுவும் அந்த ஆணிமேலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டின்மேலும் விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலகு கீலிலிருந்து 8 செ.மீ. நீளம். பூட்டு அலகைத் தாங்கும் இடம் கீலிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளி. முனையின் முதுகுப்புறம் 5 கிலோ அழுத்தம் பட்டால், நெம்புகோல் விதிப்படி பூட்டு 40 கிலோவைத் தாங்க வேண்டும். அதைத் தாங்குவது நகத்தின் அகலம்கூட இல்லாத ஓர் இரும்பு விளிம்பு.

இதே விதியை நம் வீடுகளில் பாக்குவெட்டி வேறு விதமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அதுவும் கீல் வைத்த கருவிதான். ஆனால் பாக்கைக் கீலுக்கு ஒட்டி வைத்து, கையை அந்தக் கோடியில் வைத்து அமுக்குகிறோம். கைவலு பல மடங்காகப் பாக்கில் இறங்குகிறது. மடக்குக் கத்தியிலும் கடினமான பொருளை அலகின் அடியில், பிடிக்குப் பக்கத்தில் வைத்து அறுப்பவரின் கத்தி பல வருஷம் உழைக்கும். முனையால் எல்லாவற்றையும் செய்ய நினைப்பவர் அடுத்த வருஷம் கடைக்குத் திரும்பி வருவார்.

பூட்டைப் பற்றி இன்னொன்று. சாதாரணமாக அறுக்கும்போது பூட்டுக்கு வேலையே இல்லை. அறுக்கும் பொருள் அலகை இன்னும் விரியும் பக்கம்தான் தள்ளுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பிடிக்குள் இருக்கும் ஒரு தடுப்பு ஆணி. அலகு எதிலாவது சிக்கி, அதை ஆட்டி இழுக்கும்போதும், முனையால் குத்தும்போதும்தான் அது விரல்களை நோக்கி மடங்கப் பார்க்கும். பூட்டு அந்தக் கணத்துக்காக இருக்கிறது.

சுவிஸ் ராணுவக் கத்தி வகையில் சிறியவற்றுக்குப் பூட்டே கிடையாது. முதுகில் ஒரு வில் அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பழம் நறுக்க, நூல் வெட்ட அது போதும். பிரெஞ்சு ஒப்பினெல் கத்தியில் கீலைச் சுற்றி ஓர் இரும்பு வளையம்; அதைத் திருப்பினால் அலகு மடங்காது. 1890இல் தொடங்கிய அந்தக் கத்திக்கு வளையம் வந்தது 1955இல். முதுகுப் பூட்டு என்பது பிடியின் முதுகில் ஓடும் ஒரு நெம்புகோல். அதன் கொக்கி அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் போய் விழும். அமெரிக்காவில் 1960களில் பக் நிறுவனத்தின் 110ஆம் எண் கத்தி இதைப் பிரபலமாக்கியது. இன்று கடைகளில் அதிகம் காண்பது உள்தகட்டுப் பூட்டு: பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு, அலகு விரிந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அதன் அடியில் முட்டுக்கொடுக்கும்.

இந்த முட்டுக்கொடுக்கும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கத்தியை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிடியின் இடுக்கில் எட்டிப் பாருங்கள். தகட்டின் நுனி அலகின் அடிப்பக்கத்தில் எவ்வளவு அகலம் பதிந்திருக்கிறது? ஓரத்தில் மயிரிழையாகத் தொட்டுக்கொண்டிருந்தால், முதுகில் ஓர் அடி பட்டால் நழுவும். முழுதும் கடந்து அந்தப் பக்கச் சுவரை முட்டிக்கொண்டிருந்தால், தேய்ந்து முடிந்த பூட்டு அது. புதுக் கத்தியிலேயே அப்படி இருந்தால் கைகூடத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பதிந்திருப்பது நல்லது, தேயத் தேய நகர இடம் இருக்கும். பிறகு அலகின் முனையை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். லேசான ஆட்டமென்றால் கீல் திருகை முடுக்கிப் பார்க்கலாம். மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் கோளாறு, திருகை முடுக்கித் தீராது. திருகே இல்லாமல் ஆணியை அடித்துத் தட்டையாக்கிய கீலாக இருந்தால் பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு ஒரு நிமிஷம் போதும், ஆனாலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கத்தி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

இனி அந்த அறுபதுக்கு வருவோம். 1914இல் அமெரிக்காவில் ராக்வெல் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் ஒரு சோதனைக் கருவிக்குக் காப்புரிமை கேட்டார்கள். கூம்பாகச் செதுக்கிய வைரத்தை 150 கிலோ பளுவில் இரும்புமேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பது அது. குறைவாக இறங்கினால் எண் ஏறும். சுவிஸ் ராணுவக் கத்தியின் அலகு இந்த அளவில் சுமார் 56. விலையுயர்ந்த பல கத்திகள் 60, 62 என்று போகும்.

கடினம் கூடினால் விளிம்பு வளையாது, மழுங்கத் தாமதமாகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கார்பன் கலந்த இரும்பைச் செக்கச்செவேலென்று, 800 டிகிரி செல்சியஸுக்கும் மேலே பழுக்கவைத்து எண்ணெயில் தோய்த்தால், உள்ளே இருக்கும் கார்பன் அணுக்கள் தப்பித்து வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிக அடுக்குக்குள் மாட்டிக்கொள்கின்றன. அடுக்கு கோணலாகி இறுகுகிறது. இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அந்த நிலையில் இரும்பு மிகக் கடினமானது, கீழே போட்டாலே விரிசல் விடும். அதனால் திரும்பவும் 200 டிகிரி வாக்கில் மெல்லச் சூடாக்கிக் கொஞ்சம் இறுக்கத்தை இளக்குவார்கள். எவ்வளவு இளக்குவது என்பதில்தான் கத்தி செய்பவரின் கைவண்ணம். அதிகம் இளக்கினால் விளிம்பு மடங்கும், குறைத்து இளக்கினால் தெறிக்கும். கடினமும் முறியாத் தன்மையும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. முரட்டு வேலைக்கு முறியாத் தன்மை வேண்டும் என்பது என் கட்சி. மடங்கிய விளிம்பை ஐந்து நிமிஷத்தில் நேராக்கலாம். தெறித்த விளிம்பை நேராக்க, தெறித்த ஆழம் வரைக்கும் முழு அலகையும் தேய்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை மலாக்கா தோட்டப்புறங்களில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலையில்தான் கற்றார்கள். ஆயர் குரோவிலிருந்து அதிகத் தூரமில்லாத புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ஏறக்குறைய 40 ஏக்கரில் கித்தா மரம் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்து வந்தது புக்கிட் அசஹான். நடச் சொல்லி விடாமல் நச்சரித்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. மரத்தை நடுவதோடு, அதை எப்படி வெட்டுவது என்பதையும் அவர்தான் சோதித்துக் கண்டுபிடித்தார். பிரேசிலில் சின்னக் கோடரியால் கொத்திப் பால் எடுத்து மரத்தைப் புண்ணாக்கினார்கள். ரிட்லி காட்டிய முறையில் தினமும் புது இடத்தில் கொத்துவதில்லை. பழைய வெட்டின் கீழ் விளிம்பிலிருந்தே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் மறுபடி ஊறும்.

அந்தச் சீவல்தான் கத்திக்கு வைத்த பரீட்சை. பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரம் வளரும் படலத்துக்கு மிக அருகில் அடர்ந்திருக்கின்றன. அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே கத்தி நிற்க வேண்டும். மேலே நின்றால் பால் வராது, உள்ளே போனால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், மேற்பார்க்கும் மண்டோரின் ஏச்சும் விழும். ஒரு தடவை கத்தி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும் விடியற்காலையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐந்நூறு மரம்வரை இதைச் செய்ய வேண்டும். ஜெபோங் என்ற, வாய் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல மடிந்த கத்தியைத் தன் பக்கம் இழுத்து வெட்டுவது மலாயாவில் பரவிய வழக்கம். அந்தக் கத்தி மடங்காது. விலையுயர்ந்த இரும்பும் கிடையாது. ஆனால் வெட்டுக்காரர் யாரும் தீட்டாத கத்தியோடு நிரையில் இறங்கியதில்லை. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கும், பிய்ந்த இடத்தில் குழாய்களின் வாய் நசுங்கிப் பால் சரியாக ஓடாது. அறுபது கடினத்தில் கத்தி கொடுத்திருந்தால் அதைத் தோட்டத்துக் கல்லில் தீட்ட முடியாமல் அவர்கள் திணறியிருப்பார்கள். தினம் தீட்டும் பழக்கமுள்ளவருக்கு, சுலபமாகத் தீட்ட வரும் இரும்புதான் நல்ல இரும்பு.

அந்தப் பக்கத்துக் கித்தாக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் ஆகிவிட்டன. செம்பனை வேறு வகையில் கத்தியைச் சோதிக்கிறது. அதன் மட்டையிலும் நாரிலும் நுண்ணிய சிலிக்கா துகள்கள் உண்டு, லாலாங் புல்லிலும் உண்டு. மண்ணோ மலாக்காக் கோட்டை வாசலைக் கட்டிய அதே செம்புரைக்கல் மண். அதில் கலந்திருக்கும் படிகக்கல் மணல் கத்தியின் இரும்பைவிடக் கடினமானது. மண் ஒட்டிய கயிற்றை ஒரு முறை அறுத்தால் நூறு அட்டைப்பெட்டி அறுத்ததைவிட அதிகம் மழுங்கலாம். கயிற்றை உதறிவிட்டு அறுப்பது எந்த உயர்ரக இரும்புக்கும் மேலான வைத்தியம். அதே மண் கீலுக்குள்ளும் போகும். இப்போது நாகரிகமாக வரும் கத்திகளில் கீலுக்குக் குட்டிக் குட்டி உருளைக்குண்டுகள் வைக்கிறார்கள். விரல் பட்டாலே சரேலென விரியும். கடையில் காட்டுவதற்கு நன்றாக இருக்கும், தோட்டத்தில் மணல் புகுந்தால் நறநறக்கும். வெண்கல வாஷரோ நைலான் வாஷரோ வைத்த பழைய பாணிக் கீல் மணலைப் பொறுத்துக்கொள்ளும்.

அடுத்த எதிரி துரு. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகமெடுக்கும். மலாக்காவில் அதற்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு. போதாததற்குக் கால்சட்டைப் பையின் வியர்வை உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, துருப்பிடிக்காத இரும்பின் பாதுகாப்புப் படலத்தைக்கூடப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அன்னாசி, எலுமிச்சை அமிலமும், ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் வெறும் கார்பன் இரும்பை அரை மணியில் கறுப்பாக்கிவிடும்.

துருப்பிடிக்காத கத்தி இரும்பு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதிலிருந்து பிரபலமானது. அவர் சேர்த்த குரோமியம் ஏறக்குறைய 13 விழுக்காடு. குரோமியம் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் குரோமியம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. இப்போது மலிவு விலையில் நிறைய வரும் டி2 என்ற இரும்பில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது துருப்பிடிக்கும். காரணம், அதில் ஒன்றரை விழுக்காடு கார்பனும் உண்டு. கார்பன் குரோமியத்தைப் பிடித்து கார்பைடு என்ற கடினமான துகளாக்கிக்கொள்கிறது. படலம் கட்ட மிச்சம் நிற்கும் குரோமியம் குறைந்துபோகிறது. அந்தக் கார்பைடு துகள்கள் பெரிதாக இருப்பதால் விளிம்பு தெறிக்கவும் செய்யும். நம் ஊர் ஈரத்துக்கும் முரட்டு வேலைக்கும் டி2வை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அட்டைப்பெட்டி மட்டுமே அறுப்பவர் என்றால் சரி. சுவீடனின் 12சி27, 14சி28என் போன்ற இரும்புகளில் கார்பன் 0.6 விழுக்காடு வாக்கில்தான். குரோமியம் 13, 14. கார்பைடுகள் பொடிப்பொடியாக இருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள். அது கார்பனைப் போலவே இரும்பை இறுக்கும், குரோமியத்தை அந்த அளவுக்குக் கவர்ந்துகொள்ளாது. கடலோரத்தில் மீன் வேலை செய்பவருக்குக் கார்பனுக்குப் பதில் பெரும்பாலும் நைட்ரஜனே போட்ட இரும்புகள் உண்டு. விலை கடிக்கும்.

தடிமனைப் பற்றிப் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அலகின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 2 மி.மீ. அலகை 3 மி.மீ. ஆக்கினால் விறைப்பு மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. அதற்காக 5 மி.மீ. தேடிப் போனால் அது ஆப்பு. மாங்காயை நறுக்காமல் பிளக்கும். முதுகில் 3 மி.மீ., அங்கிருந்து விளிம்புவரை ஒரே சரிவாக மெலிந்து வரும் அலகு பெரும்பாலான வேலைக்குச் சரி. ஊசிமுனை அழகுக்கு, ஒடிந்த முனைகளில் முக்கால்வாசி அந்த வகைதான்.

பிடிக்கு மரம் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒப்பினெல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேசையில் தட்டித்தான் திறக்க வேண்டும். பளபளக்கும் இரும்புப் பிடி வியர்த்த கையில் வழுக்கும். கண்ணாடியிழை கலந்த நைலான் பிடி அழகில் பின்வாங்கினாலும் மற்ற எல்லாவற்றிலும் ஜெயிக்கிறது.

தீட்டும்போது விளிம்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 டிகிரி கோணம் என்று வைத்துக்கொண்டால் முரட்டு வேலைக்குச் சரியாக வரும். நீர் விட்டுத் தீட்டும் சாதாரணக் கல் போதும். சாணைச் சக்கரக்காரரிடம் கொடுக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தொழிற்சாலையில் ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிடும், அந்த நீலப் பகுதி தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது. கீலுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆகப் பிசினாகி மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, வாரம் ஒருமுறை அலகுக்கும் ஒரு துடைப்பு.

ஒரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். மலேசியாவில் தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் அப்படியொன்றை வைத்திருப்பது குற்றம். சிறை பத்து ஆண்டுவரை போகலாம், பிரம்படியும் உண்டு. வேலைக்குத்தான் என்பது பார்த்த உடனே புரிய வேண்டும். அதனால் பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தி, இருபுறமும் கூர் வைத்தது, கறுப்புச் சாயம் பூசி மண்டையோடு வரைந்தது எல்லாம் வேண்டாத வம்பு. வேலை முடிந்ததும் கத்தி கருவிப்பெட்டிக்குள் போகட்டும். கோயில் திருவிழாவுக்கும் பசார் மாலாமுக்கும் போகும்போது வீட்டிலேயே இருக்கட்டும்.